அடி வாங்காத தகடு

ஜெராம் போகும் சாலையில், செம்பனைப் பழ லோரிகள் வேகம் குறைக்கும் வளைவுக்குப் பக்கத்தில் பெர்னாட்டின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் யார் வீட்டு இரும்புக் கேட்டாவது சாய்ந்து நிற்கும். அதுதான் அடையாளம். "எப்போ அண்ணே தருவீங்க?" என்று கேட்டால், "ஆடிப் பாத்துட்டுத் தரேன்" என்பார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், அரிசி மூட்டை போன்ற உடம்போடு, கேட்டின் அடிக்கம்பியில் ஏறி நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவார். கீல் முனகினால் கேட் திரும்பப் பட்டறைக்குள் போய்விடும்.

பெர்னாட், ராசா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இளவயதில் இங்கே செம்பனை எண்ணெய் ஆலைக்குக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு வந்தார். வெல்டர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர்கள் போட்ட ஒட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கழிவில் கிடக்கும் துண்டுக் கம்பிகளை ஒட்டுவார், சுத்தியலால் அடித்து உடைப்பார், எந்த இடத்தில் உடைந்தது என்று பார்ப்பார். அப்படி உடைத்து உடைத்தே கற்ற தொழில். அதனால் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ, அதை ஒரு தடவையாவது அவர் கண்முன்னால் அது செய்து காட்ட வேண்டும். அதுவரை அது அவருடைய பொருள். எவ்வளவு அவசரப்பட்டாலும் கைமாறாது.

இந்தச் சட்டத்தால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தைப்பூசத்துக்கு ஒருவர் காவடிக்கூடு செய்யச் சொன்னார். செய்து முடித்ததும் அதைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு பட்டறையைச் சுற்றி நடந்தார் பெர்னாட். சாலையில் போன மாதா கோவில் பாதர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"பெர்னாட், இது எப்போ இருந்து?"

"மதம் மாறல பாதர். தோள்ல இடிக்குதான்னு பாத்தேன்."

"இடிக்குதா?"

"இடது பக்கம் லேசா."

இடுகாட்டுக்குச் சவப்பெட்டி தள்ளும் வண்டி செய்தபோது அதில் அவரே மல்லாந்து படுத்து, பக்கத்துக் கடைக்காரரைத் தள்ளச் சொன்னார். பலகாரத்தோடு வந்த அவர் மனைவி அபிகெயில் போட்ட சத்தத்தில் அரைச் சாலையே கூடிவிட்டது. "சக்கரம் நேரா ஓடுதுடி" என்று வண்டியில் படுத்தபடியே சொன்னார் பெர்னாட்.

இப்படிப்பட்டவரிடம்தான் புவனேசன் வந்தார். ரைஃபிள் சங்கத்துச் செயலாளர். பகலில் பல் மருத்துவமனையில் வேலை, வார இறுதியில் துப்பாக்கி. தோட்டத்து ஓரத்தில், பழைய கால்வாய் மண்மேட்டை முதுகாக வைத்து, அரசாங்க அனுமதியோடு சங்கத்துக்கு ஒரு சுடுதளம் இருந்தது.

"இரும்புல ஒரு டார்கெட் வேணும் அண்ணே. வட்டமா. இப்பல்லாம் காகிதத்துலதான் சுடுறோம். பட்டுச்சா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் நடந்து போய்ப் பாக்கணும். இரும்புன்னா அதுவே சொல்லிடும்."

"சொல்லுமா?"

"டிங்குனு சொல்லும். கேட்டா உடம்பே சிலுத்துக்கும்."

பெர்னாட் இதுவரை செய்த எதுவும் வாய்திறந்து பேசியதில்லை. முனகினால் குற்றம், கிறீச்சிட்டால் குற்றம். சத்தம் போடுவதையே வேலையாகக் கொண்ட ஒரு பொருள் என்றதும் அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

"செய்றேன். ஆனா சுட்டுக் காட்டணும். அந்தச் சத்தத்த நான் கேட்டப்புறம்தான் ஒப்படைப்பேன்."

"அதுக்கென்ன அண்ணே, ஞாயித்துக்கிழமை மொத குண்டு உங்களுக்காகத்தான்."

பெர்னாட்டுக்குத் துப்பாக்கி அனுமதி கிடையாது. அதைத் தொட்டதும் கிடையாது. தானே சோதித்துப் பார்க்க முடியாத முதல் பொருள் இது. அந்த நினைப்பு செருப்புக்குள் விழுந்த மணல் மாதிரி வேலை முடியும்வரை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

சாதாரணத் தகடு இதற்கு ஆகாது. குண்டு பட்டுக் குழி விழுந்தால், அடுத்த குண்டு அந்தக் குழியில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மண்வாரி இயந்திரத்தின் வாளிக்கு அடியில் தைக்கிற தகடு ஒன்றைத் தேடிப் பிடித்தார். அரத்தை வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. அரமே வழுக்கினால் நல்ல தகடு. அதைக் காஸ் சுடரால் வெட்டினால் சூடு ஏறி ஓரம் இளகிவிடும். ஆகையால் மெல்லிய சக்கரத்தைக் கிரைண்டரில் மாட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி, கை வைத்துச் சூடு பார்த்துப் பார்த்து வெட்டினார். நேராக வெட்டுகிற சக்கரத்தால் வட்டம் வெட்ட வேண்டும். மூலையை வெட்டினால் இரண்டு மூலை வரும், அந்த இரண்டையும் வெட்டினால் நாலு வரும். மூலைகள் தீரும்வரை வெட்டி, பிறகு ராவி, விரலை ஓட்டிப் பார்த்தால் எங்கும் தடுக்கவில்லை.

மாட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. முன்பக்கம் உருண்டைத் தலை வைத்த போல்ட், பின்பக்கம் நட்டு. குண்டு தட்டையான தலையில் பட்டால் நேரே திரும்பி வரும், உருண்டையில் பட்டால் நழுவும். சங்கிலி வேண்டாம் என்று முடிவு செய்து, ஆலையில் பழக்குலை ஏறிப்போகும் ரப்பர் பட்டையில் தேய்ந்துபோன துண்டுகளை வாங்கி வந்தார். பட்டையைத் தகட்டின் முதுகுப் பக்கம் பிடித்துத் தொங்கவிட்டால், தகடு தானாக முகத்தைக் கவிழ்க்கும். மேல் ஓரம் சுடுகிறவரை நோக்கிக் கொஞ்சம் முன்னால் வரும். அப்போதுதான் தெறிக்கிற ஈயம் எல்லாம் கீழே மண்ணுக்குப் போகும், ஆளுக்கு வராது. தொங்கவிட இரண்டு கால்களும் மேலே ஒரு குறுக்குக் கம்பியும். கால்களுக்கு முன்னால் கோண இரும்பு, கூர்ப் பக்கம் சுடுகிறவரைப் பார்த்தபடி. கடைசியாகப் பளிச்சென்று வெள்ளை பெயிண்ட்.

செவ்வாய்க்கிழமை காலை அதைச் சுடுதளத்தில் நட்டுக்கொண்டிருந்தபோது, மண்டோர் தங்கராஜு எட்டிப் பார்த்தார். தோட்டத்து மேற்பார்வை எல்லாம் அவர்தான்.

"என்னாப்பா பெர்னாட்டு, புது இரும்பா?"

"ஆமா. துப்பாக்கிக்காரங்களுக்கு."

"எதுவும் போடலையா?"

"பெயிண்டு போட்டாச்சு."

"அட, அது இல்லலா. புது இரும்பு தோட்டத்துக்குள்ள வெறுமனே நிக்கக் கூடாது. போன வருசம் டிராக்டர ஒன்னும் செய்யாம எறக்குனாங்க. மறுநாளே கால்வாய்ல கவுந்துச்சு."

"டிரைவர் தூங்கிட்டான், அதனால கவுந்துச்சு."

"ஏன் தூங்குனான்? அதத்தான் நான் சொல்றேன்."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? தங்கராஜு மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து வெட்டி, குங்குமத்தைத் தடவி, இரண்டு கால்களுக்கும் அடியில் வைத்தார். பிறகு கட்டைவிரலால் வெள்ளைத் தகட்டின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். பெர்னாட் எட்ட நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நடுவுல இல்ல. இடது பக்கம் போயிருச்சு."

"பொட்டுதானப்பா."

"பொட்டா இருந்தாலும் நடுவுல இருக்கணும்."

அளவுநாடாவை எடுத்து, குறுக்கும் நெடுக்கும் பிடித்து, பென்சிலால் நடுவைக் குறித்துக் கொடுத்தார். பழைய பொட்டைத் துடைத்துவிட்டுத் தங்கராஜு புதுப் பொட்டு வைத்தார். இந்த முறை மயிரிழை பிசகவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பென்சில் குறிதான் காரணம் என்று அபிகெயில் இன்றைக்கும் சொல்வாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நட்டு இறுக்கிப் பார்க்க ஸ்பேனரோடு போனார் பெர்னாட். சுடுதளத்து வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே தகட்டைச் சுற்றிச் சாமந்தி மாலை. தலைக்கு மேலே ஒரு துண்டு ஜிங்க் தகரக் கூரை. கீழே வாழைப்பழம், வெற்றிலை, ஒரு பெட்டிப் பால். உதிரிப்பழம் பொறுக்கும் புஷ்பா கையில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தாள்.

"செருப்ப கழட்டுங்க அண்ணே."

"என்னம்மா இது?"

"குனிஞ்ச முனி."

"யாரு?"

"நல்லாப் பாருங்க. மத்த சாமியெல்லாம் நிமிந்து எங்கியோ பாக்கும். இவரு குனிஞ்சு நம்மளயே பாக்குறாரு. இந்தத் தோட்டத்துல எங்களக் குனிஞ்சு பாத்தவரு வேற யாரு இருக்கா?"

"புஷ்பா, அது குனியல. சாச்சு வச்சிருக்கேன். ஈயம் கீழ விழணும்னு."

"புதன்கிழமை நான் சும்மா ஒரு கும்பிடு போட்டேன் அண்ணே. லயத்து வீடுகள்ல எத்தன நாளாத் தண்ணி இல்ல, தெரியுமா? வீட்டுக்குப் போயி பைப்ப தொறக்குறேன், கொட்டுது!"

"பைப்ப ரிப்பேர் செஞ்சிருப்பாங்க."

"செய்ய வச்சது யாரு?"

தங்கராஜுவும் புஷ்பாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பது பெர்னாட்டுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு அந்தத் தகட்டைச் சுட வேண்டும். சுடாவிட்டால் சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் வேலை முடியவில்லை. வேலை முடியாமல் ஒரு பொருள் அவர் பெயரில் வெளியே நின்றதே கிடையாது.

"நாளைக்குச் சுடுவாங்கம்மா" என்றார் மெதுவாக.

"யார?"

"இத."

புஷ்பா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். "சாமியையா சுடப் போறீங்க?"

"அது அடி வாங்கறதுக்குச் செஞ்சது."

"எல்லாச் சாமியும் அதுக்குத்தான் நிக்குது அண்ணே. எங்க புலம்பலெல்லாம் வேற யாரு வாங்குறது? அதுக்காகத் துப்பாக்கிய எடுத்துட்டு வருவீங்களா?"

மறுநாள் சங்கத்து உறுப்பினர்கள் துப்பாக்கிப் பெட்டிகளோடு வந்து இறங்கி, நூறு மீட்டருக்கு அப்பால் மாலையோடு நின்ற தகட்டைப் பார்த்தார்கள். யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. புவனேசன் ஷூவைக் கழற்றிவிட்டுப் போய், அருகில் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"முடியாது அண்ணே. எங்க குலதெய்வமே முனியாண்டிதான். வேற ஒன்னு செஞ்சு கொடுங்க, வேற பக்கமா நட்டுக்கலாம்."

"வேற ஒன்னு செஞ்சா, இது?"

"இது அவங்களுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"சோதிக்காத பொருள யாருக்கும் கொடுக்க மாட்டேன். சாமிக்கும் கொடுக்க மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெர்னாட் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்துப் புஷ்பாவுக்கே மனம் இளகிவிட்டது.

"சரி, சண்ட எதுக்கு? அவரையே கேட்டுடுவோம். பூப் போட்டுப் பாப்போம்."

வெற்றிலைத் துண்டில் ஒரு வெள்ளைப் பூ, இன்னொன்றில் ஒரு சிவப்புப் பூ. ஒரே மாதிரி மடித்து நூலால் கட்டித் தகட்டின் காலடியில் போட வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் சாமியைச் சுடக் கூடாது. எடுப்பவர் எந்தப் பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும். புஷ்பா சாமி பக்கம், புவனேசன் பயந்த பக்கம், தங்கராஜு பொட்டு வைத்தவர். கடைசியில் எல்லோரும் பெர்னாட்டைப் பார்த்தார்கள்.

"நானா? எனக்குத்தானே சுடணும்!"

"நீங்க வேற மதம் அண்ணே. உங்களுக்கு எந்தப் பொட்டலம் எதுன்னு சாமி சொல்லாது."

பெர்னாட் குனிந்தார். காணாமற்போனதைத் தேடித் தருகிற அந்தோணியாரைத்தான் அவருக்கு எப்போதும் பழக்கம். சத்தம் இன்னும் வரவேயில்லை, வராதது காணாமற்போனதில் சேருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் வாய்க்குள் அவரைக் கூப்பிட்டு, முனியாண்டியிடம் கொஞ்சம் பேசும்படி கேட்டுக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

வெள்ளை.

"சாமி சம்மதிச்சிருச்சு" என்றாள் புஷ்பா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "ஆனா கண்டபடி சுடக் கூடாது. சுடுறவரு வாரம் பூரா மச்சம் மாமிசம் சாப்பிடக் கூடாது. வெறுங்கால்ல வரணும். மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்."

அந்த வாரம் முழுக்க புவனேசன் தயிர்ச்சோறு சாப்பிட்டார். செய்தி வாட்ஸ்அப்பில் பரவி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூர், செரண்டா என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்துவிட்டார்கள். சாமி சுடப்படுவதைப் பார்ப்பதற்குத்தான் வந்தார்கள். ஆனால் வெறுங்கையோடு யார் வருவார்கள்? பூவும் தேங்காயும் கொண்டுவந்திருந்தார்கள். எல்லோரையும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, சிவப்புக் கொடி ஏற்றினார்கள். காற்றுக்கூட அடங்கியிருந்தது. பெர்னாட் முன்வரிசையில், அபிகெயிலுக்குப் பக்கத்தில், காதைத் தகட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் கொடுத்த காதடைப்பான் அவர் கழுத்தில் தொங்கியது.

"காதுல மாட்டுங்க" என்றாள் அபிகெயில்.

"மாட்டுனா எப்படிக் கேக்கும்?"

புவனேசன் நெற்றி நிறையத் திருநீற்றோடு, வெறுங்காலோடு, புல்லில் குப்புறப் படுத்தார். வீட்டு அலமாரியில் மெடல் அடுக்கி வைத்திருப்பவர். நூறு மீட்டரில் அந்த வட்டம் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு. "மன்னிச்சுக்கோ ஐயா" என்று முணுமுணுத்தார். சுட்டார்.

தகட்டுக்கு வலப்பக்கம் மண்மேட்டில் தூசி எழுந்தது.

மறுபடியும் சுட்டார். இடப்பக்கம் தூசி. இன்னொன்று, மேலே. சிவப்பு எறும்புகள் அவர் பாதத்தில் ஏறியிருந்தன. ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டே சுட்டார். கொண்டுவந்த தோட்டா எல்லாம் தீர்ந்தது. தகட்டைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டமே விழுந்துவிட்டது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மாலையில் ஒரு பூக்கூட உதிரவில்லை.

புவனேசன் எழுந்து பெர்னாட்டிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"குறி வைக்கறப்ப நேரா என் கண்ணையே பாக்குது அண்ணே. நீங்க ஏன் அப்படிச் சாச்சு வச்சீங்க?"

பின்னால் ஒரே ஆரவாரம். துப்பாக்கியால் சுட்டும் குண்டு தன்மேல் படாத சாமியை யாரும் அதுவரை பார்த்ததில்லை. சங்கத்தில் மற்றவர்களைக் கேட்டார் பெர்னாட். ஒருவர் தன் துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்றார். ஒருவர் போன வாரமே அங்கே ஊதுபத்தி கொளுத்திவிட்டதாக ஒப்புக்கொண்டார். கொடியை இறக்கி, துப்பாக்கிகளைப் பெட்டியில் பூட்டினார்கள். பெர்னாட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"போலாம் வாங்க" என்றாள் அபிகெயில். "ஒரு பொருள் சோதிக்காமப் போனா உலகம் முடிஞ்சுடாது."

"அதுக்குள்ள என்ன சத்தம் இருக்குன்னு எனக்குத் தெரியாதுடி. செஞ்சவனுக்கே தெரியாது."

அங்கே புஷ்பாவுக்கு வேறு சிக்கல். குண்டுக்குத் தப்பிய சாமிக்குச் சிதறுதேங்காய் உடைக்க வேண்டும். எதில் உடைப்பது? கடலோரத் தோட்டத்து மண் அது. எவ்வளவு தோண்டினாலும் களிமண்தான், பேருக்கு ஒரு கல் கிடைக்காது. ஒருவர் தரையில் ஓங்கி அடித்தார். தேங்காய் முக்கால்வாசி புதைந்து நின்றது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் உறுதியான பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீயே வாங்கிக்கோ ஐயா" என்று சொல்லி, புஷ்பா தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி வீசினாள்.

டொய்ங்ங்ங்.

பெர்னாட் எழுந்து நின்றுவிட்டார். கோவில் மணி மாதிரியும் இல்லை, மாதா கோவில் மணி மாதிரியும் இல்லை. ஆழமாக ஆரம்பித்து, நடுவில் மெலிந்து, மண்மேட்டில் போய் முட்டி, செம்பனை வரிசைக்குள் நெடுநேரம் நடந்து போனது. அது அடங்கும்வரை அவர் மூச்சு விடவில்லை. பிறகு ஓடினார். வழியில் செருப்பைக் கழற்றினார். மண்டியிட்டுத் தேங்காய்ச் சில்லுகளைப் பார்த்தார். ஒன்றுகூடப் புஷ்பா பக்கம் தெறிக்கவில்லை. எல்லாம் தகட்டுக்கு நேர் கீழே, கூடையில் கொட்டினதுபோல.

"கீழதான் விழுந்திருக்கு! செக்ரட்டரி, இங்க வாங்க, எல்லாம் கீழதான் விழுந்திருக்கு!"

உடனே திரும்பி, "எனக்கு ஒரு தேங்காய் கொடு" என்றார் புஷ்பாவிடம்.

"நீங்களா அண்ணே?"

"இதுக்கு லைசன்ஸ் வேணாம்ல?"

அபிகெயில் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பாதர் கேட்டா உங்களத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

பெர்னாட் பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து எறிந்தார். சரியாகப் பொட்டில் பட்டது. தகடு ஒரு தடவை ஆடி, பாடி, பழையபடி குனிந்து நின்றது. ரப்பர் பட்டை நழுவவில்லை, நட்டு இளகவில்லை. அவருக்குப் பின்னால் தேங்காயோடு வரிசை நீண்டுவிட்டிருந்தது. புவனேசன் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, "கோட்டுக்குப் பின்னால நில்லுங்க! ஒருத்தர் ஒருத்தரா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"செக்ரட்டரி, சோதனை முடிஞ்சது. ஒப்படைச்சிடலாம்" என்றார் பெர்னாட்.

"எங்களுக்குக் காகிதமே போதும் அண்ணே" என்றார் புவனேசன், காலைச் சொறிந்துகொண்டே.

பெர்னாட் புஷ்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். எந்தப் பொருளை ஒப்படைத்தாலும் அதை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லிக் கொடுப்பது அவர் வழக்கம். சட்டை நுனியால் தகட்டின் முதுகில் வழிந்த தேங்காய்த் தண்ணீரைத் துடைத்தபடி சொன்னார்:

"தேங்காய்த் தண்ணி இரும்புக்கு ஆகாதும்மா, துரு ஏறிடும். உடைச்சு முடிச்சதும் ஈரம் போகத் தொடச்சு, வாரா வாரம் கிரீஸ் போடணும்."

"சாமிக்கு கிரீஸா?" புஷ்பாவின் கண் விரிந்தது. "நல்லெண்ணெய் போடக் கூடாதா?"

பெர்னாட் நட்டைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"போடலாம்" என்றார். "ஆனா முன்னால மட்டும் தடவிட்டுப் போயிடாத. பின்பக்கம் இந்த நட்டு வரைக்கும் போகணும்."